லைன் சரியில்லை என்றால் ஆள் சரியில்லையா? தொலைபேசி நேர்காணல் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

முதல் சுற்று நேர்காணலைத் தொலைபேசியில் நடத்தும் மனிதவளத் துறையினருக்கும், அவர்களுக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சிகளுக்கும்,

வேலை தேடுவோரைத் தொலைபேசி நேர்காணலுக்குத் தயார் செய்வது எங்கள் தொழில். அவர்கள் கொண்டுவந்து காட்டும் நிராகரிப்பு மின்னஞ்சல்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'தகவல் தொடர்புத் திறன் போதவில்லை.' எதிரே உட்காரவைத்தால் கோவையாகப் பேசுகிறவர், எழுத்துத் தேர்வில் நீங்களே நல்ல மதிப்பெண் போட்டவர், ஒரு போன்காலில் திறமையற்றவராகிவிடுகிறார். அந்த அழைப்பில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டால் கிடைக்கும் காரணங்களில் பல அவர் கையில் இல்லாதவை, உங்கள் கையில் இருப்பவை. அதனால்தான் அவர்களுக்கு இன்னொரு பயிற்சித் தாள் எழுதுவதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறோம்.

"ஹலோ, நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்க இல்லையா, அது விஷயமா பேசுறேன். இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

சொல்லாமல் கொள்ளாமல் வரும் இந்தக் கேள்விக்கு 'இப்போது முடியாது' என்று சொல்லும் துணிச்சல் வேலை தேடுகிறவருக்கு எங்கிருந்து வரும்? பேருந்தில் நின்றுகொண்டிருந்தாலும், இப்போதைய அலுவலகத்தில் மேலாளர் பக்கத்தில் இருந்தாலும் 'பேசலாம்' என்றுதான் சொல்வார். ஐந்து நிமிடம் அரைமணியாக நீளும். நிறுவனத்தின் பெயரை நீங்கள் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வதால் அது உங்கள் வாயில் தேய்ந்து, ஒரே மூச்சில் வந்து விழுகிறது. எதிர்முனையில் காதில் விழுவது அதன் கடைசி அசை மட்டும். 'எந்தக் கம்பெனி?' என்று அவர் திருப்பிக் கேட்டால் 'எங்கே விண்ணப்பித்தோம் என்றே தெரியாத ஆள்' என்று குறித்துக்கொள்கிறீர்கள். ஏஜென்சியிலிருந்து பேசுகிறவர்களோ சில சமயம் நிறுவனத்தின் பெயரையே சொல்வதில்லை. பெயர் தெரியாத இடத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் தவறாமல் வரும்.

எங்கள் தரப்பில் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பித்த அன்றே வேலை விளம்பரத்தை முழுதாகச் சேமிக்கச் சொல்கிறோம். ஆள் எடுக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும், போன் வரும் நாளில் தேடினால் கிடைக்காது. விண்ணப்பித்த தேதி, நிறுவனம், பதவி, எந்த வழியாக, எந்த ரெஸ்யூமேவை அனுப்பியது, எதிர்பார்க்கும் சம்பளமாக எதைக் குறிப்பிட்டது என ஆறு கட்டங்கள் உள்ள ஒரு பட்டியல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நேர்காணல் நாளில் மேசையில் மூன்று தாள்களுக்கு மேல் கூடாது: ரெஸ்யூமே, விளம்பரம், குறிப்புத் தாள். எல்லாமே ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டவை. இருபக்கத் தாளைத் திருப்பும் சத்தம் எதிர்முனையில் தெளிவாகக் கேட்கும்.

குறிப்புத் தாளில் வாக்கியமே இருக்கக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. செய்த வேலைகளிலிருந்து ஐந்து நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சொற்கள்: சிக்கல் என்ன, நான் செய்தது என்ன, எண்ணில் சொன்னால் விளைவு என்ன. முழு வாக்கியமாக எழுதி வைத்தால் வாசித்துவிடுவார்கள். வாசிப்பது போனில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்: அழுத்தம் எல்லாச் சொல்லிலும் ஒரே அளவாக விழும், பொருள் முடியும் இடத்தை விட்டுவிட்டு வரி முடியும் இடத்தில் மூச்சு வாங்கும். தாளின் மேல் மூலையில் மூன்று விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறோம்: இப்போதைய சம்பளம், நோட்டீஸ் காலம், சேரக்கூடிய தேதி. பதற்றத்தில் முதலில் மறப்பது இவைதான். கீழே, உங்களிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

இத்தனை தயாரிப்பும் உங்கள் முன்னறிவிப்பில்லாத ஒற்றை அழைப்பில் வீணாகிறது. தாள் வீட்டில் இருக்கும், ஆள் சாலையில் நிற்பார்.

இனி, லைன். உங்களில் பலர் இதைப் பொருட்படுத்துவதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சாதாரணத் தொலைபேசி இணைப்பு மனிதக் குரலில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத்தான் கடத்துகிறது. 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கும் மேலே இருக்கிறது. ஆகவே போனில் எஸ் என்ற எழுத்தும் எஃப் என்ற எழுத்தும் ஒன்றுபோலவே கேட்கும். எச்டி வாய்ஸ் எனப்படும் அகன்ற அலைவரிசை இணைப்பு 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். ஆனால் இரண்டு முனைகளும் இடையிலுள்ள நெட்வொர்க்குகளும் அதை ஏற்க வேண்டும். வழியில் எங்காவது ஒரு பழைய இணைப்பு, உங்கள் அலுவலகத்தின் பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியாகவே கூட இருக்கலாம், அழைப்பு முழுவதையும் குறுகிய அலைவரிசைக்கு இறக்கிவிடும். விண்ணப்பதாரர் எவ்வளவு நல்ல போன் வைத்திருந்தாலும் பயனில்லை.

முகம் தெரியாததால் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளப் பேசுபவரின் முகம் எவ்வளவு உதவுகிறது என்பதை 1954-லேயே சம்பி, போலக் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இரைச்சல் கூடக்கூட உதட்டசைவின் உதவியும் கூடுகிறது. போனில் அந்த உதவி முழுதாக இல்லை. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று ஒருவர் இரண்டாம் முறை கேட்பது காது கூர்மையாக இருப்பதன் அடையாளம். 'ஒன் ஃபைவ்' என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லவும், மின்னஞ்சல் முகவரியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஊரறிந்த ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லவும் நாங்கள் பழக்குகிறோம். நீங்களும் அப்படியே சொன்னால் இரு தரப்புக்கும் வேலை மிச்சம்.

நீண்ட மேசையின் நடுவில் ஸ்பீக்கர் போனை வைத்து, சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து நடத்தும் நேர்காணல்தான் எங்களுக்கு வரும் புகார்களில் மிக மோசமானது. சாதாரண ஸ்பீக்கர் போன் எதிரொலியைத் தடுக்க, ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கத்தை அடக்கிவிடும். உங்கள் கேள்வியின் நடுவில், கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக அவர் 'ம்' என்றால் போதும், உங்கள் அடுத்த சொல் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது பெரும்பாலும் கேள்வியின் முக்கியமான சொல்லாகவே இருக்கும் (இதில் அறிவியல் ஏதும் இல்லை, எங்கள் எரிச்சல்தான்). மேசையின் கோடியில் இருப்பவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அவர் யார், அவருடைய பெயர் என்ன என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, 'கேள்வியைப் புரிந்துகொள்வதில் சிரமம்' என்று எழுதுவது நியாயமா?

ஸ்பீக்கரில் போடாதீர்கள், காதில் வைத்தோ ஒயர் உள்ள ஹெட்செட்டிலோ பேசுங்கள் என்று நாங்கள் விண்ணப்பதாரர்களுக்குப் பாடம் எடுக்கிறோம். ப்ளூடூத் வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொல்லித் தருகிறோம்: பாட்டுக் கேட்கும்போது நன்றாக ஒலிக்கும் அதே கருவி, மைக் இயங்கத் தொடங்கியதும் குரலுக்கான வேறு முறைக்கு மாறி, பழைய கருவிகளில் ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டும் அளந்து அனுப்பும் தரத்துக்கு இறங்கிவிடும். ஒயரில் தொங்கும் மைக் சட்டைக் காலரில் உரசினால் எதிர்முனையில் கரகரப்பாகக் கேட்கும் என்பதால் அதை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையை விட்டுத் துணி, படுக்கை, திரைச்சீலை உள்ள அறையில் உட்காரச் சொல்கிறோம், எதிரொலி குறையும். முந்தின நாள் அதே இடத்தில் அதே நேரத்தில் ஒரு நண்பரோடு பத்து நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்கிறோம். சிக்னல் கோடுகளை நம்பச் சொல்வதில்லை. கால் வெயிட்டிங் பீப் நடுவில் வந்து குழப்பாதிருக்க அதையும் அணைத்து வைப்பார்கள். ஜிஎஸ்எம் வகை இணைப்புகளில் பொதுவாக #43# அடித்தால் அணையும், *43# அடித்தால் திரும்ப வரும். இவ்வளவும் செய்துவிட்டு அவர் காத்திருக்க, நீங்கள் காரை ஓட்டிக்கொண்டே அழைக்கிறீர்கள்.

அடுத்து, மௌனம். பத்து மொழிகளில் உரையாடலை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரம் பொதுவாக வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது ஏறத்தாழ 200 மில்லிவினாடி, என்று கண்டது. இணைப்பு தரும் தாமதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாட்டுக்குச் சிக்கலில்லை, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஒரு திசைக்கு 200 மில்லிவினாடி என்றே வைத்துக்கொண்டாலும், அவர் உடனே பதிலைத் தொடங்கினால்கூட உங்கள் காதுக்கு அது போகவர 400 மில்லிவினாடி தாமதமாகத்தான் வரும். நீங்கள் அதைத் தயக்கம் என்று எண்ணிக் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி தொடங்குகிறீர்கள். இரண்டு பேச்சும் மோதுகின்றன. இருவரும் நிறுத்துகிறீர்கள். 'சொல்லுங்க', 'இல்ல, நீங்க சொல்லுங்க' என்று இரண்டு சுற்று ஓடுகிறது. மூன்றாவது மோதலில் அவருடைய குரல் சுருங்கிவிடுகிறது. தன்னம்பிக்கை இல்லை என்று நீங்கள் எழுதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி முடிந்ததும் மனதில் ஒன்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள், பதிலை 60 முதல் 90 வினாடிக்குள் முடியுங்கள், முடிந்ததைக் கேட்பவருக்குத் தெரியும்படி 'இன்னும் விவரம் வேண்டுமா?' என்று நிறுத்துங்கள் என்பது நாங்கள் கொடுக்கும் பயிற்சி. அதன் பிறகு உங்கள் பக்கம் நான்கைந்து வினாடி அமைதி. நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நேரில் என்றால் பேனாவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் அந்த அமைதி 'பதில் பிடிக்கவில்லை' என்றே தோன்றும். பதறிப்போய் நன்றாக முடிந்த பதிலோடு தேவையில்லாத இரண்டு வாக்கியங்களை ஒட்டுவார். அந்த இரண்டில் ஒன்று அவரைக் கவிழ்க்கும். 'எழுதிக்கிறேன், ஒரு நிமிஷம்' என்று நீங்கள் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கேள்விகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வேலைக்கு எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் 'கட்டமைத்த' நேர்காணல், மனம்போன போக்கில் கேட்பதைவிட வேலைத் திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பது பழைய முடிவு. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் தொகுத்த கணக்கில் முதல் வகையின் கணிப்புத் திறன் 0.51, இரண்டாம் வகையினுடையது 0.38 (1 என்றால் கணிப்பு முழுதாகப் பொருந்துகிறது, 0 என்றால் தொடர்பே இல்லை). அந்தக் கணக்கையே 2022-இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் திருத்தி முதல் வகையின் மதிப்பை 0.42-ஆகக் குறைத்தபோதும், தேர்வு முறைகளின் பட்டியலில் கட்டமைத்த நேர்காணலே முதலிடத்தில் நின்றது. போனில் இது இன்னும் முக்கியம். பேச்சு எங்கே போகிறது என்பதை எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழி உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்று தொடங்கி, பதிலில் தட்டுப்பட்ட ஏதோ ஒன்றைப் பிடித்து இருபது நிமிடம் ஓட்டினால் தெரியவருவது, யாருக்கு உங்களோடு அரட்டை ஒத்துவருகிறது என்பதுதான்.

எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று முதல் நிமிடத்திலேயே கேட்கும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திடீர் அழைப்பில், யோசிக்க இடமில்லாமல் வாயில் வந்த எண்ணையே பிறகு அவருக்கு உச்சவரம்பாக வைக்கிறீர்கள். பிடித்தம் போகக் கையில் வரும் தொகையா, நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகையா என்றுகூடத் தெளிவுபடுத்துவதில்லை.

திக்குவாய் உள்ளவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் போன் என்பது மற்ற எல்லா வழிகளையும்விடக் கடினமானது. திக்குபவர் 'ஹலோ'வுக்குத் திணறும் அந்த இரண்டு வினாடியில் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தருவதைப் பற்றியும் வேலைக்கு ஆள் சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்பதைப் பற்றியும் பேசுகிறது. நாள் முழுவதும் நிரல் எழுதப்போகிற, அல்லது கணக்குப் பார்க்கப்போகிற ஒருவரைத் தொலைபேசிக் குரலால் வடிகட்ட வேண்டிய தேவை என்ன?

கடைசியாக, நம்பிக்கை. தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, பிறந்த தேதியும் அடையாள எண்ணும் கேட்பது வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றும் கும்பல்களின் வழி. உங்கள் அழைப்பும் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. அதனால் பலர் தெரியாத எண்களை எடுப்பதே இல்லை. ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், தெரியாத எண்களை மணியடிக்காமலே ஒதுக்கும் வசதியும் இருக்கிறது. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை, ஆர்வமில்லாதவர் என்று கோப்பை மூடிவிடுகிறீர்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் எடுத்திருப்பார்.

ஆகவே, இவற்றைக் கேட்கிறோம்.

நேர்காணலுக்குக் குறைந்தது ஒரு முழு நாள் முன்னதாக, நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து தேதி, நேரம், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும், யார் பேசுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும், எந்த மொழியில் நடக்கும் என்று எழுதுங்கள். வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால் இரண்டு நேரங்களையும் குறிப்பிடுங்கள். சம்பள வரம்பையும் அதிலேயே போடுங்கள். நேரம் மாற்றிக் கேட்பவரை ஒருமுறையாவது மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மடலில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: எந்த நிலையிலும் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம், போனுக்குப் பதில் வீடியோவோ எழுத்து வழியோ தேவைப்படுகிறவர்கள் காரணம் சொல்லாமலே கேட்கலாம்.

அழைத்ததும் நிறுவனத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் பதவியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். உடன் யார் இருக்கிறார்கள், பேச்சு பதிவாகிறதா என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவியுங்கள். 'என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?' என்று நீங்கள் முதலில் கேளுங்கள். அவர் கேட்கத் தயங்குவார். ஸ்பீக்கர் போனை விட்டுவிடுங்கள். பலர் கேட்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தனித்தனி ஹெட்செட்டில் இணையட்டும், பேசாதவர் மியூட்டில் இருக்கட்டும். லைன் கட்டானால் யார் திரும்ப அழைப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை, அழைத்தவரே இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி அழைப்பது. இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இரண்டு பக்கமும் பிஸி என்றே வரும்.

மதிப்பெண் படிவத்தில் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'இணைப்பின் தரம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். அது மோசம் என்று குறித்த அழைப்பில் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். வேறொரு நாளில் ஒருமுறை திரும்ப அழையுங்கள். நிராகரித்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள் என்பதை எங்களுக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை. உங்கள் அடுத்த வேலை விளம்பரத்தின் கீழே, முதல் சுற்று தொலைபேசியில் நடக்கும், இத்தனை நிமிடம், இவ்வளவு முன்னறிவிப்பு என்று அச்சிடுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் அந்த விளம்பரத்தைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தொலைபேசி நேர்காணல் பயிற்றுநர்கள்